மாசியில் மேய்ந்தது, வைகாசியில் தெரிவது

குற்றாலத்துப் பேரருவியில் விழும் தண்ணீரில் ஈரல்புழுவுக்கு வேலை எதுவும் கிடையாது. இந்தப் புழு வளர ஒருவகை நத்தை வேண்டும். பாறையில் மோதித் தெறித்து ஓடும் நீரில் அந்த நத்தை தங்காது. அதே தண்ணீர் சிற்றாறாக இறங்கி, அணைக்கட்டுகளில் மறிக்கப்பட்டு, கால்வாயில் வேகம் தணிந்து, தென்காசியைச் சுற்றியுள்ள குளங்களில் வந்து நிற்கும்போது நத்தை வருகிறது. நத்தையின் பின்னால் புழு வருகிறது. பிறகு ஒருநாள் ஆட்டின் தாடை வீங்குகிறது.

2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில் இரண்டு நிலங்கள் இருக்கின்றன. மேற்கே மலையடி: செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர், கடையம். குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, இராமநதி, கடனாநதி என்று அடுத்தடுத்து அணைகள், அவற்றுக்குக் கீழே குளமும் நெல்வயலும். வடகிழக்கே சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கம் கரிசல். மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கீழக்கரிசல் செம்மறியும் கன்னி ஆடும் பழகிய வறண்ட மண் அது. அங்கே தண்ணீர் நின்றாலும் சில மாதம்தான் நிற்கும் என்பதால் ஈரல்புழு வேர்விடுவது கடினம். ஆனால் ஆட்டு மந்தை ஓரிடத்தில் கிடப்பதில்லையே. கரிசலில் மேய்ச்சல் தீர்ந்தால் பச்சை தெரியும் திசைக்கு நகரும். அறுவடை முடிந்த வயலில் கிடை போட ஆள் கூப்பிட்டாலும் நகரும். இந்த நோயைப் புரிந்துகொள்ள அந்த நடையை மறக்கக் கூடாது.

ஈரல்புழு ஒரு தட்டைப்புழு. ஆடு, மாடு, எருமைகளின் ஈரலில் பித்தக்குழாய்க்குள் குடியிருக்கும். உலகில் இரண்டு இனங்கள் பெரும் சேதம் செய்கின்றன. ஃபேசியோலா ஹெபாட்டிகா குளிர்நாட்டுக்காரன். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம். ஃபேசியோலா ஜைஜான்டிகா வெப்பநாடுகளுக்கு உரியது; ஏழு சென்டிமீட்டர் வரை வளரும். அறுத்த ஈரலிலிருந்து எடுத்துக் கையில் வைத்தால் முற்றிய வேப்பிலை ஒன்று நெளிவதுபோல் இருக்கும். நம் சமவெளி ஆடுகளைப் பிடிப்பது இந்தப் பெரியவன்தான். இதை முதலில் விவரித்துப் பெயரிட்டவர் காபோல்ட் என்ற ஆங்கிலேயர், 1855-இல். அவருக்கு இது கிடைத்தது ஆட்டிலிருந்தோ மாட்டிலிருந்தோ அல்ல, ஓர் ஒட்டகச்சிவிங்கியின் ஈரலிலிருந்து.

பாடப்புத்தகங்களில் விரிவாக எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் ஹெபாட்டிகாவைப் பற்றி. காரணம் எளிது, அது ஐரோப்பியச் செம்மறிகளைக் கொன்றது. 1379-இல் பிரான்சில் ழான் தெ பிரீ என்ற மேய்ப்பர், அரசர் ஐந்தாம் சார்லசுக்காக எழுதிய ஆடு வளர்ப்பு நூலிலேயே இந்த நோய் வந்துவிடுகிறது. ஈரநிலத்தில் முளைக்கும் ஒரு பூண்டைத் தின்பதால் ஈரல் கெட்டுப் புழு பிறக்கிறது என்பது அவர் கணிப்பு. பூண்டு புழுவைப் பெறுவதில்லை. ஆனால் நோய் ஈரநிலப் பச்சையிலிருந்து வாய்வழியாக வருகிறது என்பதை அந்த மனிதர் நுண்ணோக்கி இல்லாத காலத்தில் பிடித்துவிட்டார். மீதிப் பாதிக்கு ஐந்நூறு ஆண்டு ஆனது. 1879, 1880 ஆண்டுகளின் அடைமழைக்குப் பின் இங்கிலாந்தில் ஏறத்தாழ 30 லட்சம் செம்மறிகள் செத்தன. அதன்பிறகுதான் ஆக்ஸ்ஃபோர்டில் ஏ. பி. தாமஸ் என்ற இளைஞரிடம் இந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. ஜெர்மனியின் லைப்சிக்கில் ருடால்ஃப் லாய்க்கார்ட் தனியாக இதையே தேடிக்கொண்டிருந்தார். 1883-க்குள் இருவருமே நத்தைக்குள் நடப்பதைக் கண்டு எழுதிவிட்டார்கள். ஈரல்புழு சேர்ந்த ட்ரெமட்டோடு வகைத் தட்டைப்புழு ஒன்றின் வாழ்க்கை முழுவதும் தெரியவந்தது அதுவே முதல் தடவை.

அந்த வாழ்க்கை ஆட்டின் புழுக்கையில் தொடங்குகிறது. ஈரலில் உள்ள ஒரு முதிர்ந்த புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டை பித்தநீரோடு குடலுக்கு இறங்கிப் புழுக்கையோடு வெளியே விழும். புழுக்கைக்குள் அடைபட்டுக் கிடக்கும்வரை அது வளராது. வெயிலில் காய்ந்தால் செத்துப்போகும். தண்ணீர் பட்டுப் புழுக்கை கரைந்து முட்டை விடுபட்டால் இரண்டு மூன்று வாரத்தில் அதன் மூடி திறக்கும். உள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், மிராசிடியம், நீந்தி வெளியே வரும். அது எதையும் தின்பதில்லை. கையிருப்புத் தீர்வதற்குள், அதாவது ஒரு நாளுக்குள், தனக்குரிய நத்தையைக் கண்டு அதன் உடலுக்குள் துளைத்துப் புகுந்தாக வேண்டும். பெரும்பாலானவை தோற்றுச் சாகின்றன. ஜெயித்த ஒன்று போதும். நத்தைக்குள் அது பிளந்து பிளந்து பெருகி, சூட்டைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டரை மாதத்தில், வால் முளைத்த நூற்றுக்கணக்கான செர்க்கேரியாக்களாக வெளியேறும். அவை நீரில் மூழ்கியிருக்கும் புல்லின் தண்டிலும் நெல்லின் தாளிலும் ஒட்டி, வாலை உதறிவிட்டு, தம்மைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொள்ளும். மணலின் பருமன்கூட இல்லாத இந்தக் கூடுதான் ஆட்டின் வாய்க்குள் போகிறது. ஈரம் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

நத்தை என்றதும் நம் ஊரில் பிடித்துச் சமைக்கிற பெரிய நத்தையைத்தான் பலரும் நினைப்பார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜைஜான்டிகாவுக்கு இந்தியாவில் இடம் கொடுப்பது லிம்னேயா ஆரிகுலேரியா என்ற சிறு நத்தை. மெல்லிய பழுப்பு ஓடு. வாய் அகன்று காதுமடலின் வடிவில் விரிந்திருக்கும். பாசி படிந்த, ஆழமில்லாத, தெளிந்த நீர் அதற்குப் பிடிக்கும். அதே குளத்தில் தட்டையாகச் சுருண்ட இன்னொரு நத்தையும், இண்டோபிளானார்பிஸ், இருக்கும். அது வேறு தட்டைப்புழுக்களை, இரைப்பையைத் தாக்கும் ஆம்ஃபிஸ்டோம்களை, வளர்த்து அனுப்புகிறது. ஒரே கரையில் மேயும் ஆடு இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவதும் உண்டு.

ஐரோப்பிய அறிவுரையை இங்கே அப்படியே ஒட்டமுடியாதது இந்த இடத்தில்தான். ஹெபாட்டிகாவின் நத்தை சேற்றில் வாழ்வது. தரையில் ஏறி ஊரும். ஆகவே புல்வெளியின் நீரை வடித்துவிடு, சேற்று மூலையை வேலிகட்டி அடை என்று அங்கே சொல்வார்கள். நம் நத்தை தண்ணீருக்குள்ளேயே வாழ்வது. பாசனக் குளத்தையும் நெல்வயலையும் வடித்துவிட்டு நாம் எதைச் சாப்பிடுவது? இன்னொன்று, ஐரோப்பாவில் குளிர்காலம் புழுவின் வளர்ச்சியை நிறுத்திவிடும். 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஹெபாட்டிகா முட்டை அசையாது. ஜைஜான்டிகாவுக்கு இன்னும் கூடுதல் சூடு தேவை. தென்காசிச் சமவெளியில் அந்தச் சூட்டுக்கு ஆண்டு முழுவதும் குறைவில்லை. இங்கே புழுவுக்குக் குறைவது தண்ணீர் மட்டுமே.

அந்தத் தண்ணீர் இங்கே ஆண்டுக்கு இருமுறை வருகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று கொண்டுவரும் சாரல் ஜூனிலிருந்து ஆகஸ்ட்வரை மலையடியை நனைக்கிறது; கார் நெல் அதை நம்பியது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை குளங்களை நிரப்புகிறது. பிசானம் அதை நம்பியது. நத்தைக்கும் இரண்டு பருவம். பிசானம் அறுவடை முடிந்து, மாசி பங்குனியில் குளம் சுருங்கத் தொடங்கும். வானம் பார்த்த நிலமெல்லாம் காய்ந்து கிடக்க, பின்வாங்கும் தண்ணீரை ஒட்டிக் குளத்து உள்வாயில் மட்டும் பச்சை தெரியும். ஆடு அங்கேதான் இறங்கும். மூன்று மாதமாக நீருக்குள் மூழ்கிக் கிடந்து, நத்தைகள் ஊர்ந்த தண்டுகள்தாம் அந்தப் பச்சை.

புழுவின் வாழ்க்கைக் கணக்கையும் தென்காசியின் நீர்க்கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கொட்டும் சாரலைவிட இந்த வடியும் காலம்தான் எனக்கு அச்சம் தருகிறது. மழை நாளில் ஆட்டுக்கு மேட்டு நிலத்திலும் புல் உண்டு. நனைந்த தரைக்கு அதை ஓட்ட வேண்டியதில்லை. பங்குனியில் வேறு வழியில்லை.

மாசியில் விழுங்கியது மாசியில் தெரியாது. கூடு குடலில் உடைந்து, இளம்புழு குடல் சுவரைத் துளைத்து, வயிற்றறைக்குள் நகர்ந்து, சில நாட்களில் ஈரலின் மேல்தோலைக் குடைந்து உள்ளே போகிறது. அதன்பின் வாரக்கணக்கில் ஈரல் சதையைத் தின்றுகொண்டே திரியும். ஒரே சமயத்தில் ஏராளமான கூடுகளை விழுங்கிய ஆடு இந்தக் கட்டத்திலேயே, எந்த அறிகுறியும் காட்டாமல், உள்ளுக்குள் இரத்தம் கசிந்து விழுந்துவிடும். கொஞ்சமாக விழுங்கிய ஆட்டில் புழு பித்தக்குழாயை அடைந்து, மூன்று நான்கு மாதம் கழித்து முட்டையிடத் தொடங்கும். அங்கே அதற்கு இரத்தம் உணவு. சிறிய இனமான ஹெபாட்டிகாவே நாளொன்றுக்கு அரை மில்லிலிட்டர் அளவுக்கு இரத்த இழப்பை உண்டாக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நூறு புழு இருந்தால் 50 மில்லிலிட்டர். 25 கிலோ ஆட்டின் உடலில் மொத்தமே ஒன்றரை லிட்டர் சொச்சம்தான் இரத்தம். புரதமும் அதோடு போகிறது. இரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் குழாயை விட்டுக் கசிந்து தாழ்ந்த இடத்தில் சேரும். நாள் முழுக்கத் தலையைத் தாழ்த்தி மேய்கிற பிராணிக்குத் தாழ்ந்த இடம் தாடைக்கடி. மாலையில் வீங்கித் தொங்கும், இரவு படுத்து எழுந்தால் சற்று வற்றியிருக்கும்.

ஆக, மாசி பங்குனியில் மேய்ந்தது வைகாசி, ஆனியில்தான் வெளியே தெரிகிறது. அப்போது கோடை முடியும் நேரம். ஆடு மெலிந்தால் வெயில் என்கிறார்கள், தீவனமில்லை என்கிறார்கள். இரண்டும் பொய்யில்லை, அதனாலேயே மூன்றாவது காரணம் ஒளிந்துகொள்கிறது. இதில் புழுவுக்குச் சாதகமான இன்னொரு பொருத்தமும் உண்டு. அது முட்டை போடத் தொடங்கும் அதே வாரங்களில் சாரல் இறங்குகிறது. காய்ந்து சாக வேண்டிய புழுக்கையை மழை கரைத்து ஓடைக்கும் குளத்துக்கும் அனுப்பிவைக்கிறது.

தாடை வீங்கிய ஆட்டைக் கொண்டுவருபவர் முதலில் சொல்வது, “பூச்சி மருந்து குடுத்தாச்சே சார், பொறவும் வீங்குதே” என்பதாகத்தான் இருக்கும். அவர் சொல்வதில் தப்பில்லை. பூச்சி மருந்து என்று பொதுவாக வாங்கும் அல்பென்டசோல், குடலில் உள்ள உருண்டைப் புழுக்களுக்குக் கொடுக்கும் அளவில் ஈரல்புழுவைத் தொடாது. அளவைக் கூட்டினாலும் பித்தக்குழாயில் குடியேறிவிட்ட முதிர்ந்த புழுவைத்தான் கொல்லும். ஈரலைக் குடைந்துகொண்டிருக்கும் இளசுகள் தப்பிவிடும். சினை பிடித்த தொடக்கத்தில் கொடுத்தால் குட்டிக்குக் கேடு. ஆக்சிகுளோசனைடும் முதிர்ந்தவற்றுக்கே. குளோசன்டெல், ரஃபாக்சனைடு ஆகியவை ஓரளவு இளம்புழுவையும் பிடிக்கும். ஆனால் அளவு மீறினால் ஆட்டின் கண்பார்வையே போய்விடும். மிகச் சிறிய புழுவிலிருந்து பெரியதுவரை எல்லாவற்றையும் கொல்வது டிரைகிளாபென்டசோல் ஒன்றுதான். அதையும் இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. ஆஸ்திரேலியாவில் 1995-இலேயே அதற்கு அடங்காத ஈரல்புழு செம்மறிகளில் பதிவாகிவிட்டது. ஆட்டின் எடையைக் கண்ணால் மதித்துக் குறைவாக ஊற்றுவதும், ஆண்டுக்கு ஆண்டு ஒரே மருந்தை ஊற்றுவதும் அந்த நிலையைச் சீக்கிரம் வரவழைக்கும் வழிகள். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். எப்போது என்பதை மந்தைக்காரரும் யோசிக்கலாம்: சாரலுக்கு முன்பு முதிர்ந்த புழுக்களைத் தீர்த்துவிட்டால், அந்த ஆண்டின் முட்டை குளத்துக்குப் போகாது.

தாடை வீங்கியதெல்லாம் ஈரல்புழுவும் அல்ல. இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்ற உருண்டைப்புழுவும் இதே வீக்கத்தைத் தரும். புழுக்கையைச் சோதித்தால் தெரிந்துவிடும், ஆனால் சோதிக்கும் முறை முக்கியம். வழக்கமாக உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். ஈரல்புழுவின் முட்டை கனமானது, மிதக்காது. தண்ணீரில் கரைத்து, அடியில் படிந்ததை எடுத்துப் பார்க்க வேண்டும். பித்தத்தில் ஊறியதால் மஞ்சளாக இருக்கும். ஆம்ஃபிஸ்டோம் முட்டை நிறமற்றிருக்கும். முதல் மூன்று மாதத்தில் எந்த முறையிலும் முட்டை கிடைக்காது. அது இன்னும் இடப்படவே இல்லை. சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்டை இழக்க நேர்வது இப்படித்தான்.

செம்மறிக்கு இந்த ஆபத்து வெள்ளாட்டைவிட அதிகம். வெள்ளாடு தலை தூக்கி இலை தழை கடிக்கிற ஜாதி. வேலியும் புதரும் உள்ளவரை அது குளத்துப் புல்லைத் தேடாது. செம்மறி மண்ணோடு ஒட்ட மேயும், கூடுகள் இருப்பதும் தண்டின் அடியில்தான். ஆனால் கடிக்கத் தழை இல்லாத இடத்தில் வெள்ளாட்டையும் தரைக்கு இறக்கிவிட்டால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். புழுவை எதிர்க்கும் வலு அதற்குக் கூடுதலாக ஒன்றும் இல்லை. வயது ஏறினால் செம்மறிக்கு எதிர்ப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். மாடு ஓரளவு புழுவைக் கழித்துவிடும். செம்மறி கழிப்பதில்லை, பல ஆண்டு சுமந்துகொண்டே திரியும்.

மந்தைக்காரர்கள் அதிகம் கணக்கில் எடுக்காத ஒன்று எருமை. அது ஜைஜான்டிகாவைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டு, நோய் காட்டாமல், குளத்துக்குள் கிடந்தபடியே தண்ணீரில் சாணமிடும். முட்டைக்கு மழைகூடத் தேவையில்லை, விழுவதே தண்ணீரில். எருமை கிடக்கும் துறைக்கருகில் ஆட்டைத் தண்ணீர் குடிக்கவும் மேயவும் விடுவது எனக்குத் தெரிந்து மிக மோசமான தேர்வு. கிடையையும் சொல்ல வேண்டும். கோடையில் காய்ந்த வயலில் கிடை போட்டால் புழுக்கை வெயிலில் வறண்டு முட்டை சாகும். பயிருக்கு உரம், ஆட்டுக்காரருக்கு வருமானம், புழுவுக்கு நஷ்டம். கிடை எழுந்த மறுநாளே தண்ணீர் பாய்ச்சித் தொளி அடித்தால் கணக்கு மாறிவிடும். இடையில் சில வெயில் நாட்களை விடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

நெல்லும் எருமையும் குளமும் நம்மைப்போலவே உள்ள இந்தோனேசியாவில் இந்தப் புழுவைப் பற்றி நடந்த ஆய்வுகள் எனக்கு ஐரோப்பியப் புத்தகங்களைவிட நெருக்கமாகப் படுகின்றன. வயலில் வெட்டிய பச்சைத் தாளில் கூடுகள் நீருக்குள் இருந்த அடிப்பகுதியில்தான் செறிந்திருக்கின்றன என்று அங்கே கண்டார்கள். ஆகவே மேல் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் வெட்டிப் போடு, இல்லையென்றால் சில நாள் நல்ல வெயிலில் காயவிட்டுப் போடு என்றார்கள். வாத்துகளிலும் ஒரு வழி கண்டார்கள். வாத்தின் குடலில் வாழும் எக்கினோஸ்டோமா என்ற வேறொரு புழுவும் அதே நத்தைக்குள்தான் வளர்கிறது. எக்கினோஸ்டோமாவின் குஞ்சுகள் நத்தைக்குள் இருக்கும் ஈரல்புழுக் குஞ்சுகளைத் தின்றுவிடுகின்றன. அறுவடை முடிந்த வயலில் வாத்து மந்தை மேய்ப்பது நமக்குப் புதிதில்லை. இந்தோனேசியாவின் மெல்லிய வால் செம்மறி தன் உடலுக்குள் புகும் ஜைஜான்டிகாவை இளசிலேயே கொன்றுவிடுகிறது. ஆனால் ஹெபாட்டிகாவிடம் அதே ஆடு தோற்றுப்போகிறது. ஒட்டுண்ணியும் ஓம்புயிரும் ஒன்றையொன்று அறிந்துகொண்ட விதம் அப்படி.

குளத்து உள்வாயில் மேய்க்காதே என்று எழுதிவிடுவது எளிது. சொந்த நிலமில்லாத மேய்ப்பருக்குப் பங்குனியில் அதுதான் கடைசிப் புல். அவரால் செய்யக்கூடியது, தண்ணீரின் விளிம்பில் நேற்று வெளிப்பட்ட தண்டை விட்டு, சில வாரம் முன்பே வெளிப்பட்டு வெயில் கண்ட மேற்கரையில் முதலில் மேய்ப்பது. குட்டிகளையும் சினை ஆடுகளையுமாவது விளிம்புக்கு விடாமல் பிடித்துக்கொள்வது. அப்படி இறங்கி மேய்ந்த வாரத்தைக் குறித்துவைத்திருந்து மருத்துவரிடம் சொல்வது. எந்த வயதுப் புழு உள்ளே இருக்கும் என்று அவர் கணிக்க அந்தத் தேதி போதும்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஆட்டைவிட ஈரல் வறுவல்தான் கவலையாக இருக்கும். ஈரலில் இருக்கும் புழுவைத் தின்றதால் மனிதருக்கு இந்த நோய் வருவதில்லை. வெந்த ஈரலில் புழு உயிரோடும் இருக்காது. மனிதருக்கு வருவதும் ஆட்டுக்கு வரும் வழியில்தான்: நீரில் வளரும் செடிகளைப் பச்சையாகத் தின்றால். உலகில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது; தண்ணீர்க்கீரையைப் பச்சையாகத் தின்னும் நாடுகளில்தான் அது அதிகம். நாம் கீரையை வேகவைக்கும் பழக்கம் உள்ளவர்கள்.

கறிக்கடைக்காரர் புழு கண்ட ஈரலைக் கழித்துப் போடுகிறார். தடித்து வெளுத்த பித்தக்குழாயைக் கத்தி தொட்டதுமே அவருக்குத் தெரிந்துவிடும். எந்தப் பரிசோதனைக்கூடத்தையும்விட முன்னதாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். அந்த ஆடு எந்த மந்தையிலிருந்து வந்தது என்பதும் பெரும்பாலும் அவருக்குத் தெரியும். மந்தைக்காரரோ விற்றதோடு அந்த ஆட்டை மறந்துவிடுகிறார். அடுத்த தடவை ஆடு வாங்க வரும்போது, “போன தடவை ஈரல்ல பூச்சி கெடந்துச்சே அண்ணாச்சி, எந்தக் கொளத்துல மேய்ச்சீக?” என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால், மீதி இருக்கும் ஆடுகளுக்குச் சாரலுக்கு முன்பே மருந்து போய்ச்சேரும்.